அப்பாவைத் தூக்குவது பற்றி நீ கேட்டிருந்தாய்

என் செல்ல வாயாடிக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே நன்றாக இருப்பாய், தொண்டை கட்டாமல் இருக்கும், நேரத்துக்குச் சாப்பிடுவாய் என்று நானே முடிவு செய்துகொண்டு இதை ஆரம்பிக்கிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, எழுதியும் விட்டேன், அது இருந்துவிட்டுப் போகட்டும். தினமும் போனில் பேசுகிறோமே கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருப்பதே இரண்டு அறை, உன் போன் வந்ததுமே ஸ்பீக்கரில் போடச் சொல்லி அப்பா கையைக் காட்டுகிறார், அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. அதனால் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியம் ஆள் வராத நேரத்தில் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் யாராவது ஃப்ரேம் பார்க்க வந்தால் எழுந்து போவேன், அதனால் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அண்ணனுக்குக் கிடங்கில் மறுபடியும் ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒத்தாசைக்கு என்று வருகிறான், வந்ததும் சோபாவில் சாய்கிறான், ஒத்தாசைக்கு வந்தவனுக்கு நான் போர்வை போர்த்திவிடுகிறேன். அவனைக் குறை சொல்லியும் பயனில்லை, கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுவது நிற்கவில்லை, பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார். அப்பாவுக்கு வலது கையும் காலும் பக்கவாதம் வந்த நாளில் எப்படி விழுந்தனவோ அப்படியேதான் இருக்கின்றன. பேச்சும் அப்படியே. ம், வேண்டாம், போதும், இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே என்னை அதிகாரம் செய்கிறார். ஆனால் எண்ணுவதும் பாடுவதும் மட்டும் தங்கு தடையில்லாமல் வருகிறது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் இப்படிச் சிலருக்கு நடப்பதுண்டு என்கிறாள். தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராத மனிதர் பழைய பாட்டை அடி பிசகாமல் பாடுகிறார், நான்தான் பாட்டைக் கேட்டுவிட்டுத் தண்ணீரா, தலையணையா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது.

உன் ஒத்திகை வீடியோவைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத் தேர்வுக்கு நீ தனியாக மேடையேறிச் செய்யப்போவது என்னைப் பற்றித்தான் என்று முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொண்டு பார்த்திருப்பேன். பழைய துணியை அடைத்த சாக்கை நாற்காலியில் உட்கார வைத்து அதை அப்பா என்கிறாய், நீ நானாகி ஒன்று இரண்டு மூன்று என்று பாட்டாகவே எண்ணித் தூக்குகிறாய், உன்னோடு படிக்கிற பையன் டிரம்மில் அடி கொடுக்கிறான். முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு செருப்பை இழுத்துக்கொண்டே நடப்பது, மாத்திரைப் பெட்டியோடு தனியாகச் சண்டை போடுவது, எல்லாம் அச்சு அசல் நான். அண்ணனுக்குத்தான் முகம் சுண்டிவிட்டது. நம்ம வீட்டு பாத்ரூம் வரைக்கும் ஊருக்குக் காட்டணுமாம்மா என்று கேட்டான். இசையும் நாடகமும் படிக்க அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று நானும் அவன் வாயை அடைக்கச் சொல்லிவைத்தேன். எனக்குக் கோபமில்லை, வருத்தமும் அதில் இல்லை. ஒரே ஒரு பிசகு சொல்கிறேன். நாங்கள் மூன்று என்று சொல்லும்போது தூக்குவதில்லை. வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்குகிற வேலையில் இருந்த காலத்திலேயே அப்பா இரண்டுக்கே தூக்கிவிடுவார், மூன்று வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது, கூட வேலை செய்தவர்கள் அவரை ரெண்டு என்றே கூப்பிட்டார்கள். இப்போதும் இரண்டிலேயே நல்ல காலை ஊன்றி எழப் பார்க்கிறார். அதனால் நானும் இரண்டுக்கே தூக்கிப் பழகிவிட்டேன், மூன்று என்று சொல்லும்போது பாதி எழுந்தாகிவிட்டிருக்கும். உன் டிரம் பையன் மூன்றில் பலமாக அடிக்கிறான், அவனிடம் சொல்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நீ தூக்குவதில் கனமே தெரியவில்லை என்று உன் ஆசிரியை சொன்னதாகவும், அதனால் நான் அப்பாவைத் தூக்குவதை முன்னாலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாக வீடியோ எடுத்து அனுப்பு என்றும், விடுமுறை முழுக்க அதைப் பார்த்துப் பழகப்போகிறேன், ஆகவே இந்த முறை வீட்டுக்கு வரவில்லை என்றும் சொன்னாய். போனில் சரி என்றுதான் சொன்னேன், அப்பா எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், வேறென்ன சொல்ல. மறுநாளே அடுத்த வீட்டுத் தையல்காரியைப் படம் பிடிக்கக் கூப்பிட்டேன். உன் அப்பா மேடைக்குப் போகிறதென்றால் சும்மாவா, கன்னத்தைத் தடவிக் காட்டி முகச்சவரம் செய்தால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தார். நானும் என்னை அறியாமல் தலையைச் சீவிக்கொண்டேன். இந்தக் கடையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதும் தெருவில் இல்லாத ஒரு முகம் எல்லாருக்கும் வந்துவிடும், மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அதே வேலையை நானும் செய்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு பூப்போலத் தூக்கினேன், அவரும் எனக்குச் சுமை தெரியக்கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தையல்காரி போனை இறக்கிவிட்டு, அக்கா நீங்க ரெண்டு பேரும் நடிக்கிறீங்க, தினம் சுவரைத் தாண்டி எனக்குக் கேக்குற சத்தம் எதுவுமே இதுல இல்லியே என்றாள். சரி என்று மறுபடி தூக்கினேன், அதுவும் பொய்யாகவே வந்தது. அப்புறம் இன்னொரு முறை. அதற்குள் என் இடுப்பு போயே போய்விட்டது, நடிக்க உடம்பில் தெம்பில்லை, எப்போதும் போலத் தூக்கினேன், இதுதான்க்கா, இதுதான் என்று அவள் கத்தினாள்.

அந்தக் கடைசி வீடியோவைக் கடைக்குக் கொண்டுவந்து தனியாகப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது. தூக்கும்போது நான் உன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அவர் தோளுக்கு மேலே தெரிகிற சுவரைப் பார்க்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு, பீரோ நகர்த்துகிறவள் மாதிரி. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுவதிலிருந்து நாற்காலியில் உட்கார்கிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு வலிக்கிறதா, நான் கோபமாக இருக்கிறேனா என்று பார்க்கிறார், அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் பெருமூச்சு விட்ட இடத்தில் அவர் உதடு போதும் போதும் என்று அசைகிறது. இத்தனை காலமாக அந்தச் சொல் வேறெதற்கோ என்று நினைத்திருந்தேன். உன் நாடகத்தின் முடிவில் அந்த அம்மா அவர் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பாடுகிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மா நானில்லை கண்ணே. எனக்கு அலுத்துவிட்டது. உன் அப்பா மேல் ஆசை இல்லாமல் இல்லை, அது எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் காலையில் அவர் கண் விழிக்கும் சத்தம் கேட்டதும் ஒரு நிமிடம் தூங்குகிறவள் போலக் கண்ணை மூடிக்கொள்கிறேன். இதைப் பெற்ற பிள்ளையிடம் எழுதும் நாள் வரும் என்று நினைக்கவில்லை. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது, மனசும்தான்.

அந்த வீடியோவை அழித்துவிட்டேன். தையல்காரியிடமும் அழிக்கச் சொல்லிவிட்டேன். அப்பாவை அப்படி ஒரு பார்வையோடு உன் வகுப்பில் யாரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டாம். நாடகத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தாராளமாகச் செய். ஆனால் விடுமுறை முழுக்க அங்கே உட்கார்ந்து சாக்கைத் தூக்கிப் பழகுவேன் என்கிறாயே, இங்கே அவர் இருக்கிறார். அந்தக் கனத்தை நான் எப்படி உனக்குப் போனில் அனுப்புவேன். டிக்கெட் போட்டு வா. உனக்கு வேண்டியது இங்கேதான் இருக்கிறது, எனக்கு வேண்டியதும் நீ வந்தால்தான் கிடைக்கும். படிப்பு கெடும், ஒத்திகை போகும் என்று சாக்குச் சொல்லாதே, உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

வரும்போது தட்டையான செருப்பாகக் கொண்டு வா, தரை வழுக்கும். அவர் நகம் வெட்ட மாட்டேன் என்று உன்னிடம் அழும்பு செய்வார், விட்டுக்கொடுக்காதே. இப்படி எழுதினேன் என்று அவரிடம் மூச்சு விடாதே. உன் குரலும் உடம்பும் நன்றாக இருக்கட்டும், எடுத்த படிப்பைத் தலை நிமிர்ந்து முடி, எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. நீ வந்து இறங்குகிற அன்று அவரை நீயே தூக்கு. தூக்கும்போது சுவரைப் பார்க்காமல் அவரைப் பார். நான் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பேன், என்னை எழுப்பாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா