மஞ்சள் விளக்கின்மேல் ஒட்டிய பொட்டு

முந்தாநாள் நானே பெற்றோல் அடித்தேன். இன்று காலை மல்வேர்ன் வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்பட்டதும் நம் கிழட்டுக் காரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒரு கடை வாசலில் நிறுத்தி, காரில் என்ன பிழையென்று கோட் இலக்கம் வாசிக்கும் உங்கள் கருவியைத் தேடினால், முதலில் கைக்கு அகப்பட்டது என் பழைய பொட்டுப் பக்கெற். நீங்கள் போன பிறகு அதைத் திறக்கவேயில்லை.

நினைவிருக்கிறதா? அந்த விளக்கு கண்ணை உறுத்துகிறதென்று ஒருமுறை அதன்மேல் பெரிய பொட்டொன்றை ஒட்டிவிட்டேன். சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமலே வந்துவிட்டது. "இஞ்ச பாரும், காருக்கும் கலியாணம் முடிச்சு வைச்சிட்டீர். மறைச்சால் வருத்தம் மாறிடுமே?" என்று நகத்தால் சுரண்டி எடுத்தீர்கள். அந்தக் கோட் இலக்கத்தை வாசிக்காமல் அழிக்க ஒருவரையும் விடமாட்டீர்கள். "முதல் என்னெண்டு கேளும், பிறகு அழியும்." நாம் குடியிருக்கும் கட்டடத்தில் பாதிப் பேரின் காருக்கு நீங்கள்தான் வைத்தியர்.

அப்படிப்பட்ட மனுசன், நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து என்ன சொன்னீர்கள்? "உது வாய்வப்பா. இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி தாரும்." நானும் தந்தேன். இரண்டு நாள் தந்தேன், ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் இல்லை. உங்களோடு எனக்குக் கோபம்; என்னோடு அதைவிடக் கோபம். அந்தத் தேத்தண்ணியும் நான் ஒட்டிய பொட்டுத்தான்.

கருவியை ஸ்ரியரிங்குக்குக் கீழே செருகினேன். பெற்றோல் ஆவி கசிகிறதாம். இறங்கிப் பார்த்தால், பெற்றோல் ராங்கின் மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறேன். இத்தனை வருடமும் நீங்கள் குளிரில் நின்று பெற்றோல் அடிக்க, நான் உள்ளே சூட்டில் இருந்தவள்தானே. டிக், டிக், டிக் என்று மூன்றுதரம் கேட்கும்வரை திருகினேன். வெறும் மூடி! அதற்குப்போய் நடுத்தெருவில் அழுதேன்.

விளக்கு உடனே அணையாது, சில நாள் ஓடினால் தானாகப் போய்விடும் என்பீர்கள். நான் அழிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மகள் போனில் அழைத்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே? குரல் ஒரு மாதிரி இருக்கு."

"ஒண்டுமில்லை, வாய்வு" என்று நாக்குவரை வந்தது. இத்தனை மாதமும் அவளுக்கு அப்படித்தான் ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். கருவி இன்னும் ஸ்ரியரிங்குக்குக் கீழே செருகியபடியே இருந்தது.

"ஏலாமல் கிடக்குப் பிள்ளை. அப்பா இல்லாமல் ஏலாமல் கிடக்கு" என்றேன்.

எந்தக் கடை வாசலில் நிற்கிறேன் என்பதையும் சொன்னேன்.

"அங்கையே நில்லுங்கோ அம்மா. வாறன்."