ஆடிக்கு அச்சடித்த பத்திரிகை

ஜூலை 2, 2025 – புதன்

ஆனியில் இன்னும் இரண்டு முகூர்த்தம். அப்புறம் ஆடி. ஒரு மாதம் முழுக்கக் கல்யாணம் கிடையாது. எண்ணூறு நாற்காலியும் அடுக்கிய இடத்திலேயே தூசி படிந்து கிடக்கும். கோபியில் இந்த மண்டபத்துக்குப் பதினான்கு வருடமாக நான் மேனேஜர். ஆடி வந்தால் எனக்கு உடம்பு சரியில்லாமல் போய்விடும். சும்மா உட்கார எனக்கு வராது.

மதியம் ஒரு வக்கீல் அம்மணி வந்தார். பெயர் மதிவதனி. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு, தாலுகா சட்டப் பணிகள் குழு மூலமாக இலவசமாக வழக்குப் பார்க்கிறவர். ஆடியில் ஒரு சனிக்கிழமை முகாம் நடத்த டைனிங் ஹால் மட்டும் குறைந்த வாடகைக்குக் கிடைக்குமா என்றார். கோவையில் இருக்கும் முதலாளி அமீர் ஹம்சா பாய்க்குப் போன் போட்டேன்.

“ஆடியில சும்மாதானே கெடக்குது. வாடகையெல்லாம் வேண்டாம் மேனேஜர். ஒரு சனிக்கிழமை என்ன, எல்லாச் சனிக்கிழமையும் குடுத்துருங்க” என்றார்.

ஆடியில் மண்டபத்துக்கு வேலை. பதினான்கு வருடத்தில் இதுதான் முதல் தடவை. ஜுரம் வந்தவனைப் போல மொட்டைமாடிக்கும் கீழுக்கும் நாலு தடவை நடந்தேன்.

ஜூலை 3 – வியாழன்

பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தின் நகலைக் கொடுத்துவிட்டார். பாரியூர் ரோட்டில் அப்பா விட்டுப்போன நாற்பது சென்டில் செவ்வந்தி அக்காவுக்கும் சரிபாதி உண்டு. அவள் விட்டுக்கொடுத்ததாக ஒரு கையெழுத்துப் போட்டால் முழுக்க என் பேருக்கு வந்துவிடும். எனக்கே எனக்காக ஒரு சின்ன மண்டபம் – பிளான்கூடப் போட்டாயிற்று. கையெழுத்துத்தானே, அக்கா போடாமலா போய்விடுவாள்?

ஜூலை 5 – சனி

மதிவதனிக்கு மண்டபத்தைச் சுற்றிக் காட்டினேன். மேடையில் மேஜை போட்டு வக்கீல்களை உட்கார வைக்கலாம் என்றார். அது மட்டும் முடியாது என்றேன். மேடை பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடம். வக்கீல்கள் கீழேயே இருக்கட்டும். சண்டைக்காரர்களைத் தனித்தனியாக உட்கார வைத்துப் பேச இரண்டு அறை வேண்டும் என்றார். அதுதான் இருக்கிறதே – மணமகள் அறை ஒன்று, மணமகன் அறை ஒன்று. சிரித்தார்.

போன வருடம் யூனியன் ஆபீசில் முகாம் நடத்தினார்களாம். வந்தது பதினொரு பேர். அதில் ஆறு பேர் அந்த ஆபீஸ் ஆட்கள்.

“பொம்பளைங்க வக்கீலைப் பாக்கப் போறேன்னு சொல்லிப்போட்டு ஊட்டை உட்டுக் கெளம்ப முடியுமாங்க? எதுக்கு, ஆரு மேலன்னு ஊரே கேக்குமுங்க” என்றார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. “நோட்டீஸ் ஒட்டுனா ஆரும் வரமாட்டாங்க அம்மணி. பத்திரிகை வெக்கோணுமுங்க” என்றேன். ஆடியோ ஆவணியோ, கையில் பத்திரிகையோடு மண்டபத்துக்குக் கிளம்பும் பொம்பளையை இந்த ஊரில் எவனும் நிறுத்திக் கேள்வி கேட்கமாட்டான். அந்த அம்மணி ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

ஜூலை 8 – செவ்வாய்

ஜெரோம் அச்சகத்தில் உட்கார்ந்து நானே வாசகம் எழுதினேன். எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது:

‘நிகழும் ஆடி மாதம் பத்தாம் நாள் சனிக்கிழமை காலை ஒன்பது மணி முதல், தங்கள் குடும்பத்தில் தீராத வழக்கு, பிரியாத பாகம், வராத பட்டா எதுவாயினும் எடுத்துக்கொண்டு, உற்றார் உறவினர் சகிதம் வந்திருந்து, இலவசமாக வக்கீலைக் கண்டு, மதிய விருந்து உண்டு செல்லும்படி அன்புடன் அழைக்கிறோம்.’

மதிவதனி இதை நீதிபதியிடம் கொண்டுபோய் அனுமதி வாங்கினார். நீதிபதி ‘உற்றார் உறவினர் சகிதம்’ என்பதை மட்டும் அடித்துவிட்டாராம், கூட்டத்துக்குப் பயந்து.

ஜெரோம் ஆயிரம் பத்திரிகையும் இனாமாக அடித்துத் தருகிறான். “மூலையில மஞ்சள் தடவட்டுங்களாண்ணா?” என்று கேட்டான். தடவு என்றேன்.

ஜூலை 11 – வெள்ளி

கடைவீதியில் இறங்கினால் ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. மைக் செட் இனாம். அரிசி மில்காரர் மூட்டை அரிசி. சமையல் காண்ட்ராக்டர் ரங்கம்மாள் இருநூறு பேருக்குச் சாப்பாடு. ஜெராக்ஸ் கடைக்காரர் மெஷினையே தூக்கிக்கொண்டு வருகிறாராம். இவர்களிடம் நான் கல்யாணத்துக்குப் பேரம் பேசி எத்தனை தடவை தொண்டை கட்டியிருக்கிறேன். இன்று பேரமே இல்லை.

ஜூலை 13 – ஞாயிறு

எந்த விசேஷமானாலும் முதல் பத்திரிகை கூடப்பிறந்தவளுக்குத்தான். என் மனைவி கனகத்தோடு பவானி போய், வெற்றிலைத் தட்டில் வைத்து அக்காவுக்குக் கொடுத்தேன். மாமா போய்ச் சேர்ந்த இந்த ஆறு வருடமாக அவள் கொழுந்தனார் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் வேலை. அடுத்த வருடம் கொழுந்தனார் அந்தப் பின்னறையை இடித்து மாடி கட்டப் போகிறாராம். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

முகாமைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு பைசா செலவில்லை, யார் மேல் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம், பொம்பளைகள் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்றேன். அக்கா கண்கொட்டாமல் கேட்டாள். கிளம்பும்போது விடுதலைப் பத்திர நகலையும் கொடுத்தேன்.

“படிச்சுப் பாத்துச் சொல்றேன் கண்ணு” என்றாள்.

எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டாள், பாவம்.

ஜூலை 25 – வெள்ளி

நாளைக்கு. வாசலில் வாழைமரம் கட்டியாயிற்று. மதிவதனி வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை.

ஜூலை 26 – சனி

நூற்று அறுபத்திரண்டு பேர்.

எட்டு மணிக்கே பஸ்ஸை விட்டு இறங்கி வர ஆரம்பித்துவிட்டார்கள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மஞ்சப்பைக்குள் பட்டாவும் ரேஷன் கார்டும். மூன்று பேர் மொய்க் கவர் கொண்டுவந்தார்கள், திருப்பிக் கொடுத்தோம். சந்தனம், கல்கண்டு, பன்னீர் எல்லாம் வைத்தேன். நம்பியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், “பத்திரிகையக் காட்டுனேனுங்க, எம்பட மாமியாளே பூ வாங்கிக் குடுத்து அனுப்புனாங்க” என்றாள். மதிவதனி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டோக்கன் நோட்டு எழுத வேண்டிய பெண் வரவில்லை. நானே உட்கார்ந்தேன். பேர், ஊர், எதிர்த் தரப்பு – மூன்றே கேள்வி. எழுபதைத் தாண்டியபோது எதிரே செவ்வந்தி அக்கா. பச்சைச் சேலை. எழுந்து, “வாக்கா, மொதல்ல சாப்புடு” என்றேன்.

“இருக்கட்டும். எழுது” என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே பேரும் ஊரும் எழுதி, “எதிர்த் தரப்பு ஆருங்க?” என்று கேட்டேன்.

“ரவிக்குமார். அப்பன் பேரு மயில்சாமி.”

அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுதினேன். என் பேரை என் கையாலேயே எதிர்த் தரப்பு என்று எழுதினேன்.

ஜூலை 27 – ஞாயிறு

அக்கா சாப்பிட்டுவிட்டுத்தான் போனாளாம். பாயசம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாளாம்.

நான் அடிச்ச பத்திரிகை, நான் கூப்பிட்ட கூப்பாடு, எம் மேலயே மனு. ஊரே பாத்துது. ஒரு போன் பண்ணி கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சு. சொல்லலையே, ஏன் சொல்லலை? கனகத்திடம் கத்தினேன்.

“ஏனுங்க, ஆரு மேல வேணும்னாலும் குடுக்கலாம்னு ஒரு மணி நேரம் சொன்னது நீங்கதானுங்களே” என்றாள்.

அவளோடும் பேச்சு இல்லை.

ஜூலை 30 – புதன்

நாற்பது சென்டில் பாகம் கேட்டு அக்கா கொடுத்த மனுவுக்கு நோட்டீஸ் வந்தது. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சமரசப் பேச்சுக்கு ஆஜராக வேண்டும். இடம்: என் மண்டபம்.

மதிவதனி போன் செய்தார். என்னோடு சேர்ந்து வேலை செய்வதால் இந்த மனுவை அவர் தொடக்கூடாதாம். தாராபுரத்திலிருந்து பங்காரம்மா என்கிற வேறு வக்கீல் வருவாராம். முகாமையே நிறுத்திவிடுவேன் என்று வாய்வரை வந்தது. முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். முகாமை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டேன்.

“முகாமை நிறுத்தறதுன்னா நிறுத்துங்க மேனேஜர். ஆனா அந்த நூத்தி அறுவத்திரண்டு பேருக்கும் நீங்களே போன் பண்ணி ஏன்னு காரணம் சொல்லணும்” என்றார்.

காரணத்தை நினைத்துப் பார்த்தேன். போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2 – சனி

இன்று இருநூற்றுப் பன்னிரண்டு. கோபத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன், அல்லது அப்படி நினைத்தேன். ரங்கம்மாளுக்குச் சோறு பற்றாமல் மறுபடியும் உலை வைத்தார். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பழையபடி கால் நிற்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு ஆள் வண்டியை வாசலில் சாய்த்துப் போட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். “எந்தங்கச்சிக்குப் பத்திரிகை வெச்சு ஊட்டைக் கலைச்சது நீதானா?” என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

“நாங்க ஆரு ஊட்டையும் கலைக்கலைங்க. அப்பன் சொத்துல அவங்களுக்கும் சரிபாதி சட்டத்துல இருக்குதுங்க. கூடப்பிறந்தவ வாயத் தொறந்து கேக்கலைங்கறதுக்காக, அவளுக்கு வேண்டாம்னு நீங்களா –”

அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஆளும் நான் மேலே சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே நின்றார். தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. பவானிக்குப் போகவில்லை. போயிருக்கலாம்.

ஆகஸ்ட் 9 – சனி

பதினான்கு வருடத்தில் மணமகன் அறைக்கு எத்தனை தடவை சாவி கொடுத்திருப்பேன். உள்ளே காத்துக்கொண்டு உட்கார்ந்தது இன்றுதான். மின்விசிறி கடகட என்று சத்தம் போடுகிறது. ஒரு மாப்பிள்ளைகூட என்னிடம் சொன்னதில்லை.

பங்காரம்மா அந்த அறைக்கும் இந்த அறைக்கும் மூன்று தடவை நடந்தார். பிறகு இருவரையும் மணமகள் அறையில் எதிரெதிரே உட்கார வைத்தார். அக்காதான் முதலில் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

“அந்த நெலத்த வாங்குனப்ப என்ற மூணு வருச மில்லுச் சம்பளம் அதுல இருக்குது. நீ படிச்சுட்டு இருந்த. நான் மில்லு ஆஸ்டல்ல இருந்துட்டு பொங்கலுக்குத்தான் ஊட்டுக்கு வருவேன். அத ஒருநாளும் நான் சொன்னதில்ல. இப்ப எனக்கு ஒரு ரூம் கட்டிக்கோணும் கண்ணு. எம் பாகம் வேணும்.”

எனக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. அப்பா கூலிக்குப் போன வயல்களைத் தவிர வேறு மண்ணைப் பார்த்ததில்லை. அந்த நாற்பது சென்ட் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். பத்திரத்தை நீட்டியபோதும் தெரியும். வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“இத எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன்.

“எங்க வெச்சுச் சொல்றது? உன்ற ஊட்டுலயா, கொழுந்தனார் ஊட்டுலயா?” என்றாள்.

பங்காரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலைநிமிர்ந்தார். நான் சரிபாதி என்றேன். நிலத்தில் இருக்கும் கிணறு இருவருக்கும் பொது. எழுதிய சமரச ஒப்பந்தத்தை அக்கா முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 10 – ஞாயிறு

நன்றாகத் தூங்கினேன். கனகத்திடம் நானே போய்ப் பேசினேன்.

ஆகஸ்ட் 21 – வியாழன்

பாகப் பிரிவினை பதிவாகிவிட்டது. பதிவு ஆபீசில் அக்கா விரல்ரேகை வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைக்காமல் சுவரில் துடைத்தாள். இது புதுச்சேலை என்றாள்.

ஆகஸ்ட் 30 – சனி

ஆடிக் கணக்கு வந்துவிட்டது. நாலு சனிக்கிழமையில் அறுநூற்றுச் சொச்சம் மனு. அதில் நூற்று முப்பதுக்கு மேல் இங்கேயே பேசித் தீர்ந்தது. மற்றவைக்கு வக்கீல் போட்டாயிற்று. முதலாளி கோவையில் மண்டபம் வைத்திருப்பவர்களைக் கூட்டி வைத்துப் பேசியிருக்கிறார். வரும் மார்கழிக்கு ஐந்து மண்டபம் சேர்கிறது, தாராபுரத்தில் ஒன்று உட்பட. வாசகம் எழுத என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஜெரோம் இப்போதே பேப்பர் வாங்கி வைத்துவிட்டான். மார்கழிக்கு இன்னும் எத்தனை நாள் என்று இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

இருபது சென்டுக்குத் தகுந்த மாதிரி பிளானைச் சுருக்கச் சொல்லியிருக்கிறேன். இருநூறு பேர் உட்காரலாம். போதும்.

செப்டம்பர் 12 – வெள்ளி

சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். மேற்கே அக்காவுடையது, கிழக்கே என்னுடையது. அவர் போனதும் அக்கா ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட ஆரம்பித்துவிட்டாள். வாசல் இங்கே, அடுப்பு அங்கே, ஜன்னல் ரோட்டைப் பார்த்து. வாசலைக் கிழக்கே பார்த்து வைக்கலாம் என்று சொல்ல வேகமாகப் போனேன். கல்லுக்கிட்டே வந்ததும் நின்றுவிட்டேன். இத்தனை வருடம் கேட்காமல் நடந்து போன மண்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்கண்ணு அங்கயே நிக்கற? உள்ள வா” என்றாள்.

அப்புறம்தான் போனேன்.