‘எறங்கமாட்டேன்’ பாட்டில் இருப்பது உங்கள் குரல்தான்

அக்கா,

கீபோர்டு உறையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்ததும் சித்தரத்தை வாசம் குப்பென்று அடித்தது. ஒயரைத் தேடிக் கையை விட்டவள் அப்படியே நின்றுவிட்டேன். தொண்டைக்கு நல்லது என்று எப்போதும் வாயில் அடக்கிக்கொள்வீர்களே, அதில் ஒரு துண்டு, காகிதத்தில் மடித்து வைத்தது. நீங்கள்தான் எனக்குத் தெரியாமல் போட்டிருக்க வேண்டும். பாடவே தெரியாதவளுக்கு எதற்கு இது என்று கேட்டுச் சண்டை பிடிக்கலாம் என்றால் நீங்கள் இல்லை. போகட்டும். உங்களுக்காக வேறு ஒரு சண்டை போட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களை முதலில் பார்த்தது உக்கடம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். நான் பந்தியில் இருந்தேன். மேடையில் ஆர்கெஸ்ட்ரா. அறிவிப்பாளர் ஒரு பெரிய பாடகியின் பேரைச் சொல்லி, “அவருடைய குரலில் அடுத்த பாடல்” என்றார். நீங்கள் பாடினீர்கள். அப்புறம் இன்னொரு பாடகியின் பேர். அதற்கும் நீங்கள்தான். கண்ணை மூடினால் அச்சு அசல் அவர்களேதான். கச்சேரி முடிகிற வரைக்கும் அந்த ஆள் உங்கள் பேரைச் சொல்லவே இல்லை. எனக்குப் பாயசம் இறங்கவில்லை. கை கழுவிய ஈரத்தோடு மேடைக்குப் பின்னால் வந்து, “உங்க பேரு என்னங்க்கா?” என்று கேட்டேன். நீங்கள் பதறிப்போய், “ஏனுங் அம்மணி, பாட்டுல ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா?” என்றீர்கள். பேரைக் கேட்டாலே புகார் சொல்லத்தான் என்று நினைக்கிற அளவுக்கு உங்களைப் பழக்கி வைத்திருந்தார்கள், படுபாவிகள்.

அப்போது நானும் பிரபுவும் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பேண்டே நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கித்தார், நான் கீபோர்டு. கேசட் காலத்து டிஸ்கோ மாதிரி ஒரு பாட்டு செய்ய வேண்டும் என்று ஆசை. எலெக்ட்ரானிக் டிரம், நடுநடுவே பாங்கோஸ் மேளம், எக்கோவில் மிதக்கிற குரல். வரிகளை அவன் எழுதினான். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் சன்னலோர சீட்டில் உட்கார்ந்த ஒருத்தி, ஊர் வந்த பிறகும் இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். பாட்டின் பேரே ‘எறங்கமாட்டேன்’. நாங்கள் கூப்பிட்டுப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் காதில் ரகசியம் சொல்வது மாதிரியே பாடினார்கள். அந்த அடம் ஒருத்திக்கும் வரவில்லை.

உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் வந்தீர்கள். கணபதி ஏரியாவில் பிரபுவின் மாமா பட்டறைக்கு மேல்மாடிதான் எங்கள் ஸ்டுடியோ. கீழே லேத்து ஓடாத நாள் ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, மேடைக்குப் போடுகிற அதே பவுடரோடு படியேறி வந்தீர்கள். பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்த சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டீர்கள். பிரபு சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

“இது யாரு வாய்ஸுல பாடோணும் அம்மணி?”

“யாரு வாய்ஸும் இல்லீங்க்கா. உங்க வாய்ஸ்ல.”

“என்ற வாய்ஸா?” ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டீர்கள். “அது எப்புடி இருக்கும்னு எனக்கே மறந்து போச்சு கண்ணு. நீ ஒரு பேரச் சொல்லு, நான் பாடிப்போடறேன்.”

நான் சொல்லவில்லை. அன்று மத்தியானம் முழுக்க நீங்கள் யார் யாராகவோ பாடினீர்கள். ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது, ஒன்றும் நீங்களாக இல்லை. எனக்குப் பொறுமை போய், “வீட்டுல உங்க வீட்டுக்காரரு கூட சண்ட போட்டா எந்தக் குரல்ல போடுவீங்க? அதுல பாடுங்க” என்று கத்திவிட்டேன். ஒரு முறை முறைத்தீர்கள். அடுத்து வந்தது பாருங்கள் ஒரு குரல்! கனத்த, கொஞ்சம் கரகரத்த, யாருக்கும் அடங்காத குரல். ‘எறங்க மாட்டேன் போ’ என்று நீங்கள் இழுத்த இழுப்பில் பிரபு கித்தாரை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் உங்களுக்குப் பொசுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. “கண்டக்டரு மூஞ்சிய நெனச்சுப்போட்டேன் அம்மணி, மறுக்காப் பாடறேன்” என்றீர்கள். வேண்டாம் என்று அந்தச் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டோம்.

பாட்டு முழுசாகத் தயாராகும் முன்னால் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் நீங்கள். திரும்பி வரவில்லை. ஒரு காய்ச்சல்தானே என்று நாங்கள் பார்க்கக்கூட வராமல் இருந்தோம். அதை எழுத வந்தால் கை ஓடவில்லை, விடுங்கள்.

மிச்ச வேலையை நாங்களே முடித்து அனுப்பிய பாட்டைக் கேட்டு ஒரு சென்னைக் கம்பெனி கூப்பிட்டது. பிரபு துள்ளிக் குதித்தான். போனில் ஸ்பீக்கரைப் போட்டு இரண்டு பேரும் கேட்டோம். “ட்யூன் சூப்பர் மேடம், ரெட்ரோ ஃபீல் செமயா வந்திருக்கு. வாய்ஸ் மட்டும் கொஞ்சம் கல்யாண ஆர்கெஸ்ட்ரா மாதிரி இருக்கு. அதை மட்டும் மாத்திட்டா நாங்களே ரிலீஸ் பண்றோம்” என்றார் அந்த மனிதர். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. இவர்களுக்குப் பழசு மாதிரி சட்டை வேண்டும், பழசு மாதிரி அட்டைப்படம் வேண்டும். அந்தப் பழசிலேயே பாடிப் பாடித் தொண்டை தேய்ந்த ஒரு பொம்பளை மட்டும் வேண்டாம். இது என்னங்க நியாயம்?

பிரபு தயங்கித் தயங்கிச் சொன்னான். “அக்கா இருந்திருந்தா அவங்களே சரின்னு சொல்லியிருப்பாங்க.”

அவன் சொன்னது உண்மைதான். “பெரிய ஆளுங்க கண்ணு, அவிய பாடட்டும், நமக்கென்ன” என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சேலை முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். கம்பெனிக்காரர் மேல் வந்ததைவிட உங்கள் மேல்தான் எனக்கு அன்றைக்கு ஆத்திரம் அதிகம் வந்தது. எதற்கெடுத்தாலும் ஒதுங்கி ஒதுங்கியே வழி விட்டீர்கள். செத்த பிறகுமா விட வேண்டும்? நான் என்ன செய்யட்டும் என்று உங்கள் போட்டோவைப் பார்த்துத் திட்டினேன். அழவும் செய்தேன்.

இரண்டு நாளில் அவர்களே ஒரு பேர் பெற்ற பாடகியைப் பாட வைத்து அனுப்பினார்கள். கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார்கள். ஆளுக்கு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பட்டறை மாடியில் உட்கார்ந்து கேட்டோம். நல்ல குரல், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எங்கே இழுத்தீர்களோ அங்கே இழுத்தார். எங்கே மூச்சு விட்டீர்களோ அங்கே விட்டார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால், அக்கா, சிரித்தார். உங்கள் சிரிப்பை! எந்தக் கண்டக்டரை நினைத்துச் சிரித்தாராம் அவர்?

பிரபு இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். “சிரிப்பக்கூட உட்டு வெக்கலியே” என்றான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

அங்கேயே போனை எடுத்தேன்.

“வாய்ஸ மாத்த மாட்டோமுங்க” என்றேன்.

“மேடம், யோசிச்சுச் சொல்லுங்க. இந்த மாதிரி சான்ஸ் மறுபடி வராது.”

“வராட்டிப் போகுதுங்க. நீங்க பாட வெச்சவங்க எங்க அக்கா மாதிரித்தான் பாடியிருக்காங்க. மாதிரி எதுக்குங்க? எங்ககிட்ட அசலே இருக்குதே.”

“அவங்கதான் இப்ப இல்லையே மேடம். நாளைக்கு மேடைல யார் பாடுவா?”

“யாரோ பாடட்டும். பாட்டு அவங்களுது.”

வைத்துவிட்டேன். பிரபு கீழே போய் டீ வாங்கி வந்தான். அதற்குப் பிறகு அவன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

நாங்களே வெளியிட்டோம். அட்டையில் பஸ் சன்னல் படம், மேலே உங்கள் பேர், கீழே சின்னதாக எங்கள் பேர். ஊர் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. கேட்டவர்கள் கொஞ்சம் பேர். “இது யாரு, பழைய காலத்து ஆளா?” என்று ஒருத்தர் எழுதியிருந்தார். “என்னத்துக்கு இந்தக் கரகரப்பு?” என்று இன்னொருத்தர். எழுதட்டும். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. பொய்யில்லை அக்கா, சத்தியம்.

இன்றைக்குக் காலையில் மேட்டுப்பாளையத்தில் இருந்து ஒரு போன். பாட்டுக்குக் கீழே போட்டிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். பாக்கு மண்டி வைத்திருப்பவர்.

“ஏனுங்க, எறங்கமாட்டேன் பாட்டுப் பாடுன அம்மா நம்பருங்களா? என்ற புள்ளைக்கு வரவேற்பு வெச்சிருக்கறனுங்க. அந்தம்மா வந்து பாடியே ஆகோணும்னு புள்ள ஒத்தக்கால்ல நிக்குதுங்க.”

நீங்கள் இல்லை என்று சொன்னேன். “அடக் கடவுளே” என்றார். நல்லாப் பாடுகிற வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நம்பர் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாமுங்க” என்றார். “அவிய பாடுனாத்தானுங்க. வேற ஆளு நாங்க கேக்கவே இல்லீங்களே.”

கேட்டீர்களா அக்கா? அவிய பாடுனாத்தான். நான் கற்பனை பண்ணவில்லை, அந்த மனிதர் வாயாலேயே சொன்னார். போனை வைத்துவிட்டுத் தனியாக நின்று கைதட்டினேன், பைத்தியக்காரி மாதிரி. இந்த வார்த்தையை நான் வைத்துக்கொள்ளப் போகிறேன். நீங்களே எழுந்து வந்து, “பரவால்ல கண்ணு, வேற யாராச்சும் பாடட்டும்” என்று சொன்னாலும் விட்டுத் தர மாட்டேன்.