நான் வெட்டிய மணல்மேடு

சேக்காடு, ஆவடி
18-11-1989

அன்பு மகள் சுசீலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நல்ல சுகம். நீயும், உங்கள் ஊர்க் கிணறும் சுகம் என்று உன் கார்டு நேற்று வந்து சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. புயல் கரையைத் தொடப்போகிறது என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து நான் நானாக இல்லை. அம்மாவைக் கேட்டுப் பார், கூண்டில் அடைத்த கரடிமாதிரி குவார்ட்டர்ஸுக்குள் சுற்றினேன் என்பாள். இங்கேயும் மழை கொட்டித் தீர்த்துவிட்டது, அயனம்பாக்கம் ஏரி நிரம்பி வழிகிறது, அம்மா வடாம் மாவு கரைத்து ஏமாந்தாள். ஆனால் என் நினைப்பெல்லாம் உங்கள் ஊர்க் கடற்கரை மணல்மேட்டில் நான் வெட்டிய அந்தச் சந்தில்தான் இருந்தது.

போன வருஷம் சித்திரையில் உன்னைப் பார்க்க வந்தபோது, படகுகள் வரும் இடத்தில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து போட மணல்மேட்டைச் சுற்றி அவ்வளவு தூரம் நீ வெயிலில் நடந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. டேங்க் ஃபேக்டரியில் இருபது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருப்பவன், கோணலாக ஒரு வழி இருந்தால் கை சும்மா இருக்குமா? நீ ஆஸ்பத்திரி வேலைக்குப் போன நேரம் பார்த்து, மம்பட்டி எடுத்து இரண்டே நாளில் மணலைப் பிடித்து வைத்திருந்த அடப்பங்கொடியெல்லாம் பிடுங்கிப் போட்டு நேராக வழி வெட்டினேன். மீன் விற்கிற புஷ்பா, வேண்டாங்கய்யா, அந்த மேடுதான் எங்களுக்குச் சுவர் என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். உனக்கென்னம்மா தெரியும் என்று விரட்டினேன். அதே வருஷம் ஐப்பசியில் கடல் அந்த வழியாகவே புகுந்து ஊருக்கே குடிதண்ணீர் தந்த கிணற்றை உப்பாக்கியது. நீ என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அம்மா உனக்கும் சேர்த்துத் திட்டிவிட்டாள்.

அடைக்கிறேன் பேர்வழி என்று தகரம் வாங்கப் புறப்பட்டேன், நினைவிருக்கிறதா? நல்லவேளை, வழியில் பூந்தமல்லி ஹபிபுல்லா பாய் பிடித்துக்கொண்டார், உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டாரே, அவர்தான். இன்னா அண்ணாத்தே, தகரம் நட்டா காத்து மொதல்ல அத்ததான் புடுங்கிகினு பூடும், நசரத்பேட்டைல ரோட்டாண்ட பந்தல் போட்டா கீத்துத் தட்டிக்குப் பின்னால புழுதி மேடு கட்டிக்கீது, நீ பாத்தது இல்லியா, சந்து வுட்டுக் கட்டினா காத்து பூந்து வேகம் கொறஞ்சு மண்ண அங்கியே போட்டுட்டுப் போவும் என்று சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் தகரக் கடையை விட்டு அவர் பின்னாலேயே போனேன். பழைய தட்டி நாற்பதை லாரியில் ஏற்றிக் கொடுத்தார் மகராசன், நன்றாயிருக்கட்டும்.

அந்தத் தட்டிகளைப் புஷ்பாவும் மற்றப் பெண்களும் வரிசையாக நட்டு, மணல் சேர்ந்து மூடியதும் அதற்கு மேலே மறுபடி நட்டு, அடப்பங்கொடியும் பதியம் போட்டார்களே, அவர்களுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்? இந்தப் புயலில் அலை மேட்டின் அடியைக் கரைத்ததே தவிர உள்ளே வரவில்லை, மழையில் உப்பு நீங்கிய கிணற்றுத் தண்ணீர் இன்னும் தித்திப்பாகவே இருக்கிறது என்று நீ எழுதியதை அம்மாவுக்கு மூன்று தரம் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது, அவளிடம் தூசி என்று சொன்னேன். பாயிடமும் ஓடிப்போய்ச் சொன்னேன், அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

தட்டி கொடுத்ததற்காக ஊரில் எனக்குச் சால்வை போடப் போகிறார்களாமே, வெட்கக்கேடு! அதைப் புஷ்பாவுக்குப் போடச் சொல். நான் வருவதற்குள் மம்பட்டியை ஒளித்து வைத்துவிடப் போவதாக அவள் சொன்னாளாமே, நியாயந்தான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கரைந்த இடத்தில் கொடி பிடிக்கும்வரை ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் தலையோடு படுக்காதே, மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

பொங்கலுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். நீயும் உன் பிள்ளைகளும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்போல் வற்றாமல் வாழவேண்டும். படகுக்கரைக்கு மருந்துப் பெட்டியை நான் தூக்கி வருகிறேன், உன்னோடு மேட்டைச் சுற்றியே நடந்து வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
கஜபதி