மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது

தலைவா,

சனிக்கிழமை நம் எடிசன் ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களை விற்றார்கள். ஐஸ்லாந்து பற்றிய அந்தத் தடிப் புத்தகமும் கிடந்தது. ஓரமெல்லாம் உன் பென்சில் கிறுக்கல். இரவல் புத்தகத்தில் எழுதாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வாங்கி வந்துவிட்டேன்.

வேலைக்குப் போகும் நியூயார்க் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் எனக்குக் கதை சொன்னாய். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு குறுநிலத் தலைவன். தான் முன்னின்று பிஷப் ஆக்கியவரையே பிறகு பகைத்துக்கொண்டான். போருக்குப் போகுமுன் கருணை கேட்டு ஆண்டவனுக்கு ஒரு பாட்டு எழுதினான். நீயும் தமிழ்ச் சங்கத் தலைவர், முருகன்மேல் வெண்பா எழுதுகிறவன். அதனால் அவன் உனக்குப் பங்காளி என்று சொல்லிக்கொண்டாய்.

ஆனால் அவன் செய்ததைச் செய்தவன் நான். உன்னைத் தலைவராக்க வீடு வீடாகப் போன் போட்ட நானே, பொங்கல் விழாவில் என் மகளையும் மற்ற பிள்ளைகளையும் ஆங்கிலத்தில் நாடகம் போடவிட்டாய் என்று சபை நடுவே உன்மேல் பாய்ந்தேன். "முதல்ல மேடை ஏறட்டும்டா, தமிழ் தானா வரும்" என்றாய். அதன்பிறகு எட்டு மாதம் ஒரே ரயிலில் வேறு வேறு பெட்டியில் போனோம்.

பிறகு ஒருநாள் உன் போன். "நாளைக்கு எனக்கு பைபாஸ். வெண்பா ஒண்ணு எழுதினேன், மூணாவது அடியில தளை தட்டுது. வந்து பாக்கறியா?"

ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். யாப்பு படிக்கத் தொடங்கியவனே கண்டுபிடிக்கும் பிழை. உனக்கா இது தெரியாது என்று கேட்டேன். படுத்தபடியே சிரித்தாய்.

"தெரியும்டா. வேற என்ன சொல்லி உன்னைக் கூப்பிடறது?"

அந்தத் தலைவன் போரில் கல்லடி பட்டுச் செத்தான். நீ பிழைத்து வந்தாய். போன குளிர்காலத்தில் நீ கண்மூடும் வரை, மூன்று வருடம், மறுபடி ஒரே பெட்டி. இப்போது உன் இடத்தில் யாரோ பேப்பர் படிக்கிறார். எனக்கு ஆறவில்லை.

என் மகள் டாக்டர் படிப்பு வேண்டாம், நாடகம் படிக்கிறேன் என்கிறாள். கத்தினேன், எனக்கு வேறென்ன தெரியும்? ஒரு மாதமாகப் பேச்சில்லை. சனிக்கிழமை உன் கிறுக்கலைப் பார்த்த கையோடு அவளுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி இமெயில் அனுப்பினேன். மன்னிப்புக் கேட்கும் சொல்லில் ஓர் எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

இன்று காலை போன் அடித்தது.

"அப்பா, சாரிக்கு ரெண்டு ஆர்."

தமிழில்தான் சொன்னாள், தலைவா.