டெம்பரரிதானே

கூரை மறுபடியும் ஒழுகுகிறது. அடுப்படி முழுக்க நனைந்த விறகின் நாற்றம். வீட்டுக்கார முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தா, வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "டெம்பரரியா ஒரு தகரம் போட்டுத் தாறோம், தங்கச்சி" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு உங்கள்மேல் கோபம்தான் வந்தது. போய்ச் சேர்ந்தவர்மேல் கோபப்படக் கூடாதென்பார்கள். நான் படுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தாலி கட்டி என்னைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கூட்டிவந்தபோது நீங்கள் கண்டி அரசாங்கக் கந்தோரில் டெம்பரரி கிளாக்கர். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளைக்கு எண்டு அர்த்தம். வேலையை நிரந்தரமாக்கினவுடனை ஊர்ப்பக்கம் மாத்தம் எடுத்துக்கொண்டு போயிடலாம்."

நல்ல சொல்லாக இருக்கிறதே என்று நினைத்தேன், பேதை.

பிறகு அது எங்களோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியது. பலாக்கன்று வைப்போமா என்றால், "டெம்பரரிதானே, காய்க்க முதல் போயிடுவம்." அலுமாரி வாங்குவோமா என்றாலும் அதே பதில்தான். நீங்கள் சொல்லக் கேட்டுக் கேட்டு ராத்தாவும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். சட்டி இரவல் கேட்பதுகூட டெம்பரரியாகத்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்திருக்கிறது.

தேயிலை விலை விழுந்து, கந்தோரில் ஆட்களை நிறுத்தத் தொடங்கியதோடு அந்தச் சிரிப்பும் போனது. முதலில் வீட்டுக்கு அனுப்பியது டெம்பரரி ஆட்களைத்தான். அதன்பிறகு வீட்டில் அந்தச் சொல்லை உரத்துச் சொல்லவே பயந்தீர்கள். ஊரில் என் அம்மா நோயாய்ப் படுத்திருக்கிறார், வருத்தம் கடுமை என்று தந்தி வந்தது. "இப்ப லீவு கேட்டால் என்ரை பேரையும் வெட்டிப்போடுவாங்கள்" என்றீர்கள். என்னைத் தனியே அனுப்பவும் உங்களுக்கு மனம் வரவில்லை. அம்மா கண்மூட முதல் அவர் முகத்தை நான் பார்க்கவேயில்லை. அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஒருவழியாக வேலையை நிரந்தரமாக்கினார்கள். ஓடிவந்து, "எப்ப ஊருக்குப் போறம்?" என்றேன்.

"விசர்க்கதை கதையாதை. இவ்வளவு பாடுபட்டு எடுத்த வேலை. மாத்தம் கேட்டு அதைக் கெடுக்கிறதோ? இனி இஞ்சைதான்."

அன்று நான் உலை வைக்கவில்லை.

அடுத்த மாரியில் மலேரியாக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. ஊரிலிருந்து வந்த என் அண்ணர் சாம்பலை ஒரு மண்முட்டியில் போட்டுத் துணியால் கட்டினார். "டெம்பரரியா இதுக்குள்ளை இருக்கட்டும். என்னோடை வெளிக்கிடு, ஊரிலை கீரிமலைக் கடலிலை கரைப்பம்" என்றார். அத்தனை வருடம் நான் ஏங்கிக் கிடந்த பயணம் அது. ஆனால் உங்களையும் அந்தச் சொல்லால் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை அண்ணை. இஞ்சையே கரையுங்கோ."

மகாவலி ஆற்றுப் பாலத்தடியில் கரைத்துவிட்டு, அண்ணர் தனியே ரயிலேறினார். ராத்தாவின் உறவுக்காரருக்குச் சட்டை தைத்துக் கொடுத்துச் சீவிக்கிறேன். இப்போது ஊருக்குப் போவதென்றால் தடுக்க ஆளில்லை, லீவு கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்களைக் கரைத்த இடத்தை விட்டு எப்படிப் போவது?

இஞ்சேருங்கோ, அந்த ஆறு திருகோணமலைப் பக்கம் போய்க் கடலில் விழுகிறதாம். நீங்கள் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பீர்கள். கடைசியில் இங்கே நிரந்தரமானது நான்தான்.