குமிழ் சுற்றுகிறதா பார்

இன்று காலை உன் தகரச் சம்புடத்தை மறுபடியும் திறந்தேன். வறுத்த அரிசி வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நீ துணியில் முடிந்து போட்ட அரிசி. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றங்கரை வீடுகளில் தீப்பெட்டியே நமத்துப்போகும், கண்ணாடி என்ன பாடுபடும் என்று அவ்வப்போது அந்த அரிசியை எடுத்து மறுபடி வறுத்து முடிவாய். ஒருநாள் உன் சம்சாரம் தெரியாமல் அதை எடுத்து மிளகாய்ப்பொடியோடு சேர்த்து இடித்துவிட்டாள். "ஏலே, இன்னைக்குப் பொடியில லென்ஸ் வாசனை தூக்கலா இருக்கு" என்று சொன்னது நான். அதை ஏரல் கடைத்தெரு முழுக்கப் பரப்பியதும் நான்தான்.

என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அந்தச் சம்புடத்த என்னதான் செய்யப் போறிய? முறுக்குப் போட்டு வைக்கவாவது ஆகும்."

நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கே பயமாகிவிட்டது; காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நீ இருந்திருந்தால் அந்தக் காட்சியை உடனே ஒரு படம் எடுத்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி ஏரலில் உன் உரக்கடைக்கு வந்துவிடுவேன். அரை நாள் வியாபாரம், அரை நாள் கேமரா. அந்தப் பழைய ஜப்பான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரமாக ஆழ்வார்திருநகரி வரைக்கும் போவோம். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "போன்ல எடுத்தா உடனே பாக்கலாம்லா?" நீ சிரித்துக்கொண்டே சொல்வாய்: "உடனே பாத்துட்டா, பொறவு வாரம் பூரா என்னத்தப் பேச?"

லென்ஸ் விஷயத்தில் நமக்கு ஒத்துப்போனதே இல்லை. உனக்கு இருபத்தெட்டு மில்லிமீட்டர் வேண்டும். ஆறு, அக்கரைத் தென்னை, மேலே வானம், குறுக்கே நடக்கிற எருமை, அத்தனையும் ஒரே படத்துக்குள் வந்தாக வேண்டும். எனக்கு நூற்று முப்பத்தைந்து. எட்ட நின்றுகொண்டே, அடுத்த தெருவில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். "இது லென்ஸாலே? ஒனக்கு முழி முன்னால நீண்டிருக்கு, அவ்வளவுதான்" என்பாய். மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. அந்த லென்ஸின் உதவியால் நான் கண்டுபிடித்த இரண்டு காதல்களில் ஒன்று கல்யாணத்தில் முடிந்தது. அந்தக் கல்யாணத்துக்கு என்னை அழைக்கவில்லை.

பிறகு ஒருநாள் திடீரென்று இருபத்தெட்டைக் கழற்றிச் சம்புடத்தில் வைத்தாய். ஐம்பதுக்கு மாறினாய். சரி, வயதாகிவிட்டது, ஆசை சுருங்குகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் இன்னொரு ஐம்பது வேண்டும் என்று என்னை வள்ளியூருக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

அங்கே ஒரு அண்ணாச்சி ஸ்டுடியோவை மூடிவிட்டு, அதே கடையில் ஃபிளெக்ஸ் பேனர் அடித்துக்கொண்டிருந்தார். பழைய சாமான்களெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. வழக்கமாக நீ லென்ஸ் பார்க்கும் விதமே தனி. பின்பக்கம் டார்ச் அடித்து உள்ளே நூலாம்படை மாதிரிப் பூஞ்சை ஓடியிருக்கிறதா, இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று மாட்டுத்தரகர் பல் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்ப்பாய். அன்றைக்கு டார்ச்சை என் கையில் கொடுத்து, "நீ பாருலே" என்றாய். நான் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நீ அதைக் கேமராவில் மாட்டிக் கண்ணில் வைத்தாய். வாசலைப் பார்த்தபடி வைத்தவன், வைத்த கண்ணை எடுக்கவில்லை.

அண்ணாச்சி பொறுத்துப் பார்த்தார். "வாங்கப் போறீரா, இல்ல கண்ணாலயே தின்னுட்டுப் போறீரா வே?"

"வெளிச்சமா இருக்கு அண்ணாச்சி" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன்னைப் பிய்த்து எடுத்தேன். "ஏற்கெனவே ஒரு ஐம்பது கெடக்கு. அதே நீளம், அதே பார்வை. இது எதுக்குலே ரெண்டாந்தாரம்?" நீ சன்னலைப் பார்த்தபடி, "அது ரெண்டு. இது ஒண்ணு புள்ளி நாலு. இதோட வாய் பெருசு" என்றாய். வாய் பெரிதாக இருந்தால் இருட்டில் எடுக்கலாம் என்றுதான் எனக்குத் தெரியும். அந்தக் கேமராவில் லென்ஸ் பார்ப்பதைத்தானே நம் கண்ணும் பார்க்கிறது, வாய் பெரிதானால் கண்ணுக்கு வந்து சேருகிற வெளிச்சமும் கூடும் என்பது உன் கணக்கு. எனக்கு அது உறைக்கவே இல்லை. உன் கண்ணில் வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. நீ லென்ஸ் லென்ஸாக மாற்றி அதற்கு ஈடுகட்டிக்கொண்டிருந்தாய். நான் அதை வைத்து ஜோக் எழுதி வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். போட்டும் விட்டார்கள்.

ஆழ்வார்திருநகரிப் படித்துறையில்தான் குட்டு உடைந்தது. அக்கரையில் கொக்குகள் உட்கார்ந்திருந்தன. நீ எடுத்து முடித்துக் கேமராவை இறக்கியபோது லென்ஸின் வளையத்தைப் பார்த்தேன். ஒரு முழ தூரத்துக்குத் திருப்பி வைத்திருந்தாய்.

"கொக்கு ஒம் மூக்குல உக்காந்திருக்குன்னு நெனச்சியாலே?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாய். "அந்த வட்டத்துக்குள்ள ரெண்டு பாதி தெரியும்லா. அது ரெண்டும் எனக்குச் சேரவே மாட்டேங்குலே. ரொம்ப நாளாச்சு."

வட்டத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒட்டி ஒரே உருவமாகும், அப்போது பொத்தானை அமுக்க வேண்டும். அதுதான் உனக்குப் போய்விட்டது. சர்க்கரை கண்ணில் ஏறிவிட்டது, டாக்டர் ஊசி போட்டும் பெரிதாகப் பலனில்லை என்று நீ சொல்லச் சொல்ல, எனக்கு எதிர்த்துச் சொல்ல ஒரு கிண்டல்கூட அகப்படவில்லை. கடைசியில், "அப்போ இனிமே என்னலே செய்யப் போறே?" என்று கேட்டேன்.

"இருட்டு எங்கன இருக்கு, வெளிச்சம் எங்கன இருக்குன்னு தெரியுது. படத்துக்கு அது போதும். நீ சேத்துக் குடு. நான் அமுக்குதேன்."

அன்றிலிருந்து நாம் இரண்டு ஆள் சேர்ந்த ஒரு ஆள். நான் நின்று இரண்டு பாதிகளையும் சேர்ப்பேன். சேர்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவை அந்தரத்தில் அப்படியே நிறுத்தி, உடம்பை மட்டும் இடப்பக்கம் பைய நகர்த்துவேன். நான் விட்ட இடத்துக்குள் நீ வலப்பக்கமாக நுழைந்து, கண்ணை வைப்பாய். அந்த ஒன்று புள்ளி நான்கில் ஒரு விரற்கடை முன்பின் ஆனாலும் போச்சு. "அசையாதலே, அசையாதலே" என்று நீ என்னைத் திட்டுவாய். பச்சைப் பிள்ளையைக் கை மாற்றுவதுபோல நான் கொடுப்பேன். துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, "எக்கா, இங்கன பாரு, ரெண்டு பேரும் காலையிலயே ஏத்திட்டு வந்து ஆடுதானுவ" என்றாள். நீ சிரித்த சிரிப்பில் அன்றைக்கு ஒரு படம் ஆடிப்போயிற்று.

எல்லாவற்றையும் என்னிடம் விட்ட நீ, ஃபிலிம் மாட்டுவதை மட்டும் விடவில்லை. கடைசி ரோலை உரமூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி மாட்டினாய். நான் கையை நீட்டியதும் தட்டிவிட்டாய். "இதையாவது எனக்கு விடுலே."

அன்றைக்கு ஆற்றுக்குப் போகவில்லை. கடைக்குப் பின்னால் வீட்டு வாசலில் உன் சம்சாரத்தை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தாய். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "கொக்கு, எரும, பாலம், எல்லாம் முடிஞ்சு இப்பத்தான் எம்மேல கண்ணு பட்டிருக்கு. அடுப்புல கொழம்பு கெடக்கு, சீக்கிரம்" என்றாள். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, நீங்க சொல்லக்கூடாதா?" என்றாள். நான் அவள் இடது கண்ணில் இரண்டு பாதிகளையும் சேர்த்து உன்னிடம் விட்டேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். அமுக்கினாய். மறுபடி சேர்க்கச் சொன்னாய். இன்னும் கிட்டப் போனாய். மறுபடி. முதலில் நெளிந்தவள், குழம்பை மறந்து, ஒரு கட்டத்தில் அசையாமல் உன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. நான், ஊர்க் காதலையெல்லாம் எட்டி நின்று பார்த்தவன்.

ஒவ்வொரு படத்துக்கும் பிறகு, ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோலை நீதான் தள்ளினாய். நான் கதை பேசிக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்த சிலவற்றை ஆற்றில் எடுப்போம் என்றாய். மழை பிடித்துக்கொண்டது. மழை விடுவதற்குள் நெஞ்சுவலி என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், நான் பஸ் ஏறி வந்து இறங்குவதற்குள் பந்தல் போட்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்தபின் சம்புடத்தையும் கேமராவையும் என் கையில் கொடுத்த உன் சம்சாரம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் படத்தக் கழுவிக் கொண்டாங்க அண்ணாச்சி. நான் எப்படி இருக்கேன்னு பாக்க இல்ல. அவுக என்னைய எப்படிப் பாத்தாகன்னு பாக்கணும்."

ரோலை முடித்துக் கழுவ அனுப்பலாம் என்று நெம்புகோலைத் தள்ளினேன். பழக்கத்தில் இடது பக்கத்துக் குமிழைப் பார்த்தேன். யாருக்குக் கேமரா சொல்லிக்கொடுத்தாலும் நீ முதலில் சொல்வது அதைத்தானே: "தள்ளும்போது குமிழ் சுத்துதா பாரு. சுத்தலைன்னா உள்ள ஒண்ணும் நடக்கல."

குமிழ் சுற்றவில்லை.

ஃபிலிம் தளர்ந்து கிடக்கலாம் என்று குமிழைப் பையத் திருப்பினேன், எங்கேயும் இறுகவில்லை. நடுவில் அறுந்திருக்கலாம், அப்படியானால் எடுத்த படமெல்லாம் மறுபக்கத்து உருளையில் பத்திரமாக இருக்கும், வெளிச்சத்தில் திறந்தால்தான் கெடும். அறுந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு கேமராவுக்குள் ஃபிலிம் அறுந்திருக்க வேண்டும் என்று இசக்கியம்மனுக்கு நேர்ந்துகொண்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இடுக்கிலெல்லாம் பழைய சேலையைத் திணித்து, போதாததற்குக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வேர்வை கண்ணில் இறங்கியது. கண் இருந்தும் அங்கே ஒன்றும் தெரியாது. உன்னைப் போலவே விரலால் பார்த்தேன். வெளியே என் வீட்டுக்காரி, "உள்ள யாரோட பேசுதிய?" என்று கதவைத் தட்டினாள். பேசிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "இருந்துட்டுப் போலே, இருந்துட்டுப் போ" என்று ஃபிலிமைக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உருளை மொட்டையாக இருந்தது. ஒரு சுற்றுகூட இல்லை. ஃபிலிமின் நாக்கு, செருக வேண்டிய பிளவுக்குப் பக்கத்திலேயே, வெளியே மடிந்து கிடந்தது. நீ செருகினாய்; அது நழுவியிருக்கிறது. உன் கண் அதைப் பார்க்கவில்லை. என் கண் குமிழைப் பார்க்கவில்லை. எண்ணிக்கை காட்டும் முள் மட்டும், உள்ளே வேலை நடந்ததா என்று கேளாமல், ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டே போயிருக்கிறது. நான் முப்பது வருஷம் வேலை பார்த்த அலுவலகம் மாதிரி.

உன் சம்சாரத்திடம் பொய் சொல்லப் பத்து வழி யோசித்தேன். கழுவுகிற இடத்தில் தொலைத்துவிட்டார்கள், தபாலில் போய்விட்டது. எனக்குப் பொய்க்கா பஞ்சம்? ஏரலில் இறங்கி உன் வாசலுக்குப் போனதும் ஒன்றும் வாயில் வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

அவள் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணுகூட இல்லையா அண்ணாச்சி?"

"இல்ல தங்கச்சி. உள்ள ஃபிலிம் ஓடவே இல்ல."

"அப்போ அவ்வளவு நேரமும் அவுக என்னைய சும்மாதான் பாத்துக்கிட்டு இருந்தாகளா?"

தலையை ஆட்டினேன். அவள் எழுந்து உள்ளே போனாள். காப்பி போடப் போகிறாள் என்று உட்கார்ந்திருந்தேன். பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து நானே எழுந்து வந்துவிட்டேன். நீ எப்படிப் பார்த்தாய் என்று இனி அவளுக்கு யாரும் காட்ட முடியாது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லத்தான் தெரியவில்லை. வாயை வைத்தே பிழைத்தவனுக்கு இப்படி ஒரு கேடு.

அந்த ரோல் வீணாகவில்லை தெரியுமா? ஒரு படமும் விழாத முழு ரோல். நாக்கைப் பிளவில் செருகி, நெம்புகோலைத் தள்ளிப் பார்த்துத்தான் மூடினேன். அதைச் சம்புடத்தோடு தூக்கிக்கொண்டு அலைகிறேன். பெட்டிக்கடையில், பஸ்ஸில், எங்கே நின்றாலும் எதிரே இருக்கிறவர் முகத்தில் இரண்டு பாதிகளைத் தேடுகிறேன். தேடிச் சேர்த்துவிடவும் முடிகிறது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எது படம், எப்போது படம் என்று ஒருநாளும் நான் கேட்டுக்கொண்டதில்லை. அது உன் வேலை என்று விட்டிருந்தேன்.

இன்று காலை வைத்த காப்பி ஆறிப்போனது. குடிக்காமல் படித்துறைக்குப் பஸ் ஏறினேன். அக்கரையில் கொக்குகள். ஒன்று புள்ளி நான்கை மாட்டிக் கண்ணில் வைத்தேன். வள்ளியூரில் நீ சொன்னாயே, அந்த வெளிச்சம். இரண்டு பாதிகளையும் சேர்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கேமராவை அந்தரத்தில் அப்படியே நிறுத்தி, உடம்பை இடப்பக்கம் பைய நகர்த்தினேன்.

துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கை கடுக்கும்வரை அப்படியே நின்றேன்.

குமிழ் சுற்றுகிறது லே. பார்த்துவிட்டேன். அமுக்கத்தான் ஆள் இல்லை.